கம்பெனி கைமாறுகிறது, பேரேடு யார் கையில்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டி வட்டாரத்து மில்கள், பேண்டேஜ் நெசவுக்கூடங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்களில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துவரும் நண்பர்களுக்கு,



கடந்த சில மாதங்களில் உங்களில் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் போனில் கேட்டார். ஒருவர் கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். இன்னொருவர் ஆடிப்பூரத் தேரன்று, ரதவீதிக் கூட்டத்தில் இருவரும் மாட்டிக்கொண்டு நின்றபோது. "அண்ணாச்சி, நாம வச்சிருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிய வேற ஒருத்தன் வாங்கிட்டானாம்ல. இனிமே இந்தச் சரக்கு ஓடுமா, நிறுத்திப்புடுவானா?" நான்காமவர் கேள்வியோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தார். விற்ற கம்பெனி அனுப்பிய கடிதம். இணைப்பால் வாடிக்கையாளருக்கு நன்மையே விளையும், சேவை வழக்கம்போலத் தொடரும், உங்கள் முதலீடு பத்திரமாக இருக்கும் என்று ஒன்றரைப் பக்கம். எந்தத் தேதி வரைக்கும், என்ன விலைக்கு என்று ஒரு வரி கிடையாது.

நான்கு பேருக்கும் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். அப்புறம் யோசித்ததில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று பட்டது.

என்னை அறியாத இளையவர்களுக்காக இரண்டு வரி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 1989இல் 'ஈ.டி.பி. செக்‌ஷன்' என்று ஒரு அறை கட்டினார்கள். மொத்த மில்லிலும் ஏ.சி. இருந்த இரண்டு அறைகளில் அது ஒன்று. ஏ.சி. கம்ப்யூட்டருக்குத்தான், அதன் தயவில் எங்களுக்கும் காற்று வந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து, அந்த அறையிலேயே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த அறையில் நான் கற்ற முதல் பாடமே கம்பெனி கைமாறுவதைப் பற்றியதுதான். அப்போது எங்களுக்கு டிபேஸ்தான் எல்லாம். பஞ்சு வரவு, நூல் அனுப்பீடு, சம்பளம், கேன்டீன் கணக்கு எல்லாமே டிபேஸ். அதைச் செய்த ஆஷ்டன் டேட் கம்பெனியை 1991இல் போர்லாண்ட் வாங்கியது. அதற்குள் நாங்கள் ஃபாக்ஸ்புரோவுக்கு மாறிவிட்டோம்; அதே மொழி, அதே கோப்பு, வேகம் மட்டும் பல மடங்கு. எத்தனை பேர் பில்லோடு வாங்கினோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மாறி மூச்சுவிடுவதற்குள் அடுத்த செய்தி. ஒஹையோ மாநிலத்தில் பெரிஸ்பர்க் என்ற சிற்றூரில் இருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. அதே ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய சொந்தச் சரக்கான ஆக்சஸையும் இறக்கியது. ஒரே வீட்டில் இரண்டு டேட்டாபேஸ். ஃபாக்ஸ்புரோவின் வேகத்துக்குக் காரணமான ரஷ்மோர் என்ற நுட்பத்தை எடுத்து ஆக்சஸுக்குள்ளும் வைத்தார்கள். அப்போது எங்கள் வட்டாரத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "சாறு பிழிஞ்சாச்சு. இனி சக்கைய வீசிருவான்."

வீசவில்லை. 1993இல் விண்டோஸுக்கான ஃபாக்ஸ்புரோ வந்தது. பிறகு விஷுவல் ஃபாக்ஸ்புரோ வந்தது. 2004 கடைசியில் ஒன்பதாம் பதிப்பும் வந்தது. பத்தாம் பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2007 மார்ச்சில்தான். கடைசிப் பராமரிப்பு முடிந்தது 2015 ஜனவரி 13. நாங்கள் பயந்தது நடந்தது. பதினைந்து வருஷம் தாமதமாக நடந்தது. அந்தப் பதினைந்து வருஷத்தில் என் கூட இருந்த இரண்டு பேர் பயத்தில் அவசரமாக வேறு பேக்கேஜுக்கு மாறி, மாறின பேக்கேஜ் ஃபாக்ஸ்புரோவுக்கு முன்னால் செத்துப்போன கூத்தும் உண்டு.

இதை வைத்து, கவலையை விடுங்கள் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரே சர்வர் பெட்டிக்குள் பல சர்வர்களை ஓட்டும் வி.எம்.வேர் உங்களில் பலரிடம் இருக்கிறது. கல்லூரியில் இருக்கிறது, மருத்துவமனையில் இருக்கிறது, நம் மில்களில் ஈ.ஆர்.பி. ஓடும் பெட்டியிலும் இருக்கிறது. சுமார் 6,100 கோடி டாலருக்கு அதை வாங்கப்போவதாக பிராட்காம் 2022 மே மாதத்தில் அறிவித்தது. நாடு நாடாக அனுமதி வாங்கி இணைப்பு முடிய ஒன்றரை வருஷம் ஆனது. முடிந்த நாள் 2023 நவம்பர் 22. நிரந்தர லைசன்ஸ் விற்பனை இனிக் கிடையாது, எல்லாமே சந்தாதான் என்று அறிவிப்பு வந்தது டிசம்பர் 11 அன்று. நடுவில் பத்தொன்பது நாள்.

ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நிரந்தர லைசன்ஸ் செல்லும். ஆனால் அதற்கான பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பழைய முறையில் புதுப்பிக்க வழியில்லை. கணக்கு பிராசஸரிலிருந்து கோர் எண்ணிக்கைக்கு மாறியது. உங்கள் பிராசஸரில் எட்டே கோர் இருந்தாலும் குறைந்தது பதினாறுக்குக் கட்ட வேண்டும். தனித்தனியாகக் கிடைத்துவந்த நூற்றுக்கணக்கான சரக்குகள் நான்கைந்து மூட்டைகளாகக் கட்டப்பட்டன. மூட்டையில் வேண்டாதது இருந்தாலும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்று சர்வர் வரை வைத்திருக்கும் சிறியவர்களுக்கென்றே இருந்த எசென்ஷியல்ஸ் கிட் போய்விட்டது. ஹொரைசன் முதலான மேசைக் கணினிப் பிரிவைத் தனியாகப் பிரித்து கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். அது இப்போது ஆம்னிசா என்ற பெயரில் இருக்கிறது. பாகம் பிரித்த வீட்டில் கிணறு ஒருவருக்கும் வாளி ஒருவருக்கும் போன கதை. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. போன்ற யானையே 2024இல் வழக்குப் போட்டு, பின் சமரசமானது. ஏழாம் பதிப்புக்குப் பொதுப் பராமரிப்பு முடிந்த நாள் 2025 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி விடுமுறையில் நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோமோ!

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்புரோ சாகப் பதினைந்து வருஷம் ஆனது. வி.எம்.வேர் சாகவே இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. பத்தொன்பதே நாளில் மாறியது விலையும் நிபந்தனையும். "சரக்கு ஓடுமா, நிறுத்திப்புடுவானா?" என்று நீங்கள் நான்கு பேரும் கேட்டீர்களே, அந்தக் கேள்வியே சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பெரும்பாலும் சரக்கு ஓடும். ஓடுகிற சரக்குக்குள் நம் கணக்கு சிக்கிக்கொண்டிருக்கும்போது, வாங்கியவர் என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் தொல்லை. கேட்க வேண்டியது வேறு. இன்றைக்கு நான் இதை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் எத்தனை நாள் ஆகும்?

வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். பீப்பிள்சாஃப்ட் கதை அதற்கு நல்ல பாடம். 2003 ஜூன் தொடக்கத்தில் பீப்பிள்சாஃப்ட், ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு ஈ.ஆர்.பி. கம்பெனியை வாங்க ஒப்புக்கொண்டது. நான்கே நாளில் ஆரக்கிள் வந்து பீப்பிள்சாஃப்டையே விலைக்குக் கேட்டது, அதுவும் அவர்கள் விருப்பத்துக்கு விரோதமாக. வாங்கினால் பீப்பிள்சாஃப்ட் சரக்கைப் புதியவர்களுக்கு விற்கப்போவதில்லை என்று ஆரக்கிளின் தலைவர் லாரி எல்லிசன் வெளிப்படையாகவே சொன்னார். வாடிக்கையாளர்கள் மிரண்டார்கள். மிரண்டவர்கள் ஓடிவிடாமல் இருக்க, எங்களை யாராவது வாங்கிச் சரக்குக்கான ஆதரவைக் குறைத்தால் நீங்கள் கட்டிய லைசன்ஸ் பணத்தைப் போல இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தருகிறோம் என்று பீப்பிள்சாஃப்ட் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தது. இந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரண நாளில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாடிக்கையாளருக்கு இப்படி எழுதிக்கொடுக்குமா? கம்பெனி கைமாறும் நேரத்தில் வாடிக்கையாளர் பயப்படுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனியும் அதே அளவு பயப்படுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

கடைசியில் ஆரக்கிள் 2004 டிசம்பரில் சுமார் 1,030 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அடுத்த மாதமே ஐயாயிரம் பேரை வேலையிலிருந்து அனுப்பியது. சரக்கோ இன்றுவரை இருக்கிறது, பீப்பிள்சாஃப்டும் ஜே.டி. எட்வர்ட்ஸும் இருபது வருஷம் கழித்தும் ஆதரவில் இருக்கின்றன. எல்லிசன் மனம் இளகியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆரக்கிளின் வருடாந்திர ஆதரவுக் கட்டணம் லைசன்ஸ் விலையில் 22 சதவீதம். ஐந்து வருஷத்தில் லைசன்ஸ் விலையையே மறுபடி வசூலித்துவிடும் கணக்கு அது. பழைய வாடிக்கையாளர் வருஷா வருஷம் கட்டும்போது பால் கறக்கும் மாட்டை எவன் அடிமாட்டுக்கு அனுப்புவான்? தீவனத்தைக் குறைப்பானே தவிர.

சரக்குக்கு முன்னால் ஆள் போவார் என்பதையும் அந்த ஐயாயிரம் பேர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் மில்லுக்கென்று மாற்றிக்கொடுத்த ரிப்போர்ட், நம் கூலி முறைக்கென்று எழுதிய கணக்கு, இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு இன்ஜினியருக்குத்தான் தெரியும். இணைப்புச் செய்தி வந்த ஆறாவது மாதம் அவர் நம்பர் மாறியிருக்கும்.

மற்ற கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இந்தியத் தொழிற்சாலைகளில் பெரிதாகப் பேசப்பட்ட டச்சு ஈ.ஆர்.பி. பான் 2000இல் இன்வென்சிஸிடம் போய், 2003இல் எஸ்.எஸ்.ஏ.விடம் போய், 2006இல் இன்ஃபோரிடம் போனது. ஒரே சரக்குக்கு ஆறு வருஷத்தில் மூன்று மாமியார். நம் நாட்டிலேயே பிறந்த ஐ-ஃப்ளெக்ஸில் சிட்டி குழுமம் வைத்திருந்த பங்கை ஆரக்கிள் 2005இல் வாங்கியது. கம்பெனியின் பெயர் மாறியது, அதன் ஃப்ளெக்ஸ்கியூப் சாஃப்ட்வேர் மட்டும் வங்கிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் 2010 ஜனவரியில் வாங்கி முடித்தபோது, சன் வளர்த்த ஓப்பன் ஆஃபீஸில் வேலை பார்த்தவர்கள் நம்பிக்கை இழந்து, அதே ஆண்டு செப்டம்பரில் வெளியேறி லிப்ரே ஆஃபீஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். இந்த லிப்ரே ஆஃபீஸ் கீழே மறுபடி வரும்.

இப்போது என் சொந்தக் கதை. இதில் வரும் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை அந்தக் கம்பெனியைப் பற்றியதாகிவிடும். எனக்கு வேண்டியது அதுவல்ல.

2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் பி.எஃப். உயர் பென்ஷன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். உச்சவரம்புக்கு மேல் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டியவர்கள் கூடுதல் பென்ஷனுக்கு மனுப் போடலாம் என்றார்கள். பென்ஷன் திட்டம் தொடங்கியது 1995 நவம்பர் 16. உச்சவரம்பு 2001 முதல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் முதல் 15,000. மனுப் போட்ட ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் என்ன சம்பளம், என்ன பிடித்தம் என்று முதலாளி தரப்பு ஏற்றிக்கொடுக்க வேண்டும். நாள் நீட்டித்து நீட்டித்து, கடைசிக் கெடு 2025 ஜனவரி 31. எங்கள் மில்லில் ஆபீஸிலும் சூபர்வைசர் வேலையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் மனுப் போட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றிருந்தாலும் கூப்பிட்டார்கள். பழைய கணக்கு எந்தப் பீரோவில் என்பது எனக்குத்தானே தெரியும்.

1995 முதல் 2006 வரைக்கும் சம்பளம் ஃபாக்ஸ்புரோவில். டி.பி.எஃப். கோப்புகள், சி.டி.யில் ஏற்றி, பாலித்தீன் உறை போட்டு, நாப்தலின் உருண்டையோடு வைத்திருந்தேன். இரண்டு சி.டி. படிக்கவில்லை, நல்லவேளை, இன்னொரு படி இருந்தது. லிப்ரே ஆஃபீஸில் போட்டேன். திறந்துகொண்டது. ஆஷ்டன் டேட் இல்லை, போர்லாண்ட் இல்லை, ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் இல்லை, மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது. 1996 தைப் பொங்கல் மாதத்து ஓவர்டைம் உட்பட அத்தனையும் வரிசையாகத் திரையில் நின்றது. பதினோரு வருஷத்துக் கணக்கை ஒரு பிற்பகலில் எடுத்துவிட்டேன். ஒரே குறை, தமிழில் அடித்திருந்த பெயர்கள். அப்போது ஒவ்வொரு எழுத்துரு விற்பவருக்கும் ஒரு தனிக் குறியீடு. அந்த எழுத்துரு இப்போது இல்லை, பெயர்கள் எல்லாம் கொக்கியும் புள்ளியுமாக நின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். அதற்கு முந்தைய தமிழ்க் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். எங்களை டோக்கன் நம்பர் காப்பாற்றியது.

2007 முதல் 2014 வரை வேறு கதை. நிர்வாகம் நல்ல எண்ணத்தில் விலைக்கு வாங்கிய சம்பளப் பேக்கேஜ். அழகான திரை, கலர் கலராக ரிப்போர்ட். அதைச் செய்த கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. சேவை தொடரும் என்று கடிதம் வந்தது, நான்காமவர் கொண்டுவந்தாரே அதே மாதிரி. இரண்டு வருஷம் தொடர்ந்தது. பிறகு, புதிய சரக்குக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். விலை கட்டுப்படியாகவில்லை, நாங்கள் வேறு ஈ.ஆர்.பி.க்குப் போய்விட்டோம். போகும்போது பேக்கப் எடுத்தோம். எடுத்தோம் என்ற திருப்தியோடு பீரோவில் வைத்தோம். பத்து வருஷம் கழித்துத் திறந்தால், பேக்கப் பத்திரமாக இருக்கிறது, அதைத் திறக்கும் பேக்கேஜ் லைசன்ஸ் சாவி கேட்கிறது, சாவி கொடுக்கும் சர்வர் உலகத்தில் இல்லை. வாங்கிய கம்பெனிக்கு மெயில் அனுப்பினோம். டிக்கெட் நம்பர் ஒன்று வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது சிவப்புத் துணி பைண்டு போட்ட சம்பள ரிஜிஸ்டர். கரையான் அரித்தது போக மிச்சம். இரண்டு பெண்கள் ஏழு வாரம் உட்கார்ந்து அடித்தார்கள். தொண்ணூறுகளின் கணக்கு அரை நாளில் வந்தது, பத்துப் பன்னிரண்டு வருஷம் பிந்திய கணக்கு ஏழு வாரத்தில் வந்தது. என் முப்பது வருஷ அனுபவத்தில் உங்களுக்குக் கொடுக்க உருப்படியான பொருள் இது ஒன்றுதான்.

பேக்கப் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இருக்கிறது என்போம். அந்த சாஃப்ட்வேர் இல்லாமல் அதைப் படிக்க முடியுமா என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை. கம்பெனிச் சட்டம் எட்டு வருஷக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி.யில் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். பென்ஷனுக்கோ, பார்த்தீர்களே, முப்பது வருஷம். எந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் வாக்குறுதியும் அவ்வளவு நீளம் கிடையாது.

சரி, ஓடுகிற வரைக்கும் பழைய பதிப்பிலேயே ஓட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பளத்திலும் ஸ்டோரிலும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கம்பெனிக் கணக்கில் முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆடிட்டர் அதைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஆதரவு நின்ற பழைய பதிப்புக்கு அந்த வசதியை யார் வந்து சேர்த்துக்கொடுப்பார்கள்?

ஆகவே என் யோசனை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து, உங்கள் ஈ.ஆர்.பி.யை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் திருப்பூருக்குப் போன 60 கோம்டு நூலில் ஒரு லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்டபின் துணியில் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று வாங்கியவர் புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாட் எந்த மிக்ஸிங்கில் ஓடியது, அந்த மிக்ஸிங்கில் எந்த ஊர்ப் பஞ்சு எத்தனை பேல் போனது, அதே மிக்ஸிங் நூல் வேறு யாருக்குப் போனது? சாஃப்ட்வேரைத் தொடாமல், நீங்கள் வெளியே எடுத்து வைத்திருக்கும் கோப்புகளை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடிகிறதா? சத்திரப்பட்டிக்காரர்கள் ஏற்றுமதியான ஒரு பேண்டேஜ் பேட்ச்சை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்காரர்கள் ஒரு நோயாளியின் பழைய ஃபைலை. சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டால் உங்கள் கம்பெனியை யார் வாங்கினாலும் நிம்மதியாகத் தூங்கலாம். வரவில்லையென்றால், இன்றைக்கே நீங்கள் அடுத்தவர் கையில் இருக்கிறீர்கள். இணைப்புச் செய்தி அதை உங்களுக்கு நினைவுபடுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸை அப்படியே மொத்தமாக இறக்கி வைத்துவிட்டேன் என்று சிலர் சொல்வீர்கள். போதாது. ஆயிரக்கணக்கான டேபிள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத பெயர். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்ற விளக்கத் தாள் இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டிக்கு இன்னொரு பெட்டி. அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம், உங்கள் இன்ஜினியர் நம்பர் மாறுவதற்கு முன்னால்.

விலை பேச வேண்டிய நேரமும் இதுதான். பீப்பிள்சாஃப்ட் என்ன எழுதிக்கொடுத்தது என்று மேலே பார்த்தோம். இணைப்பு முடிகிற வரைக்கும் இரண்டு கம்பெனிகளுக்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறையக் கூடாது. அப்போது போய், மூன்று வருஷத்துக்குக் கட்டணம் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது, நான் விலகினால் இத்தனை நாளுக்குள் என் கணக்கை எந்த சாஃப்ட்வேரிலும் படிக்கும் வடிவில் தருவாய் என்று எழுதிக் கேளுங்கள். தரலாம். தராமலும் போகலாம். முடிந்தபின் கேட்டால் டிக்கெட் நம்பர்தான் வரும். தெளிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் காத்திருப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெளிவு வருகிற அன்று நம் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது.

தனியாளாகக் கேட்டால் காதில் விழாது என்பதும் எனக்குத் தெரியும். ராஜபாளையத்து மில் ஒன்றின் ஆறு லட்சமோ எட்டு லட்சமோ, பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் விற்பனை மேலாளருக்கு ஒரு வரி. ஆனால் இந்த ஊர் தனியாளாக எதையும் கேட்டுப் பழகிய ஊர் அல்லவே. மின்கட்டணம் ஏறினால் மில் முதலாளிகள் திண்டுக்கல்லில் டாஸ்மா சங்கம் வழியாகச் சேர்ந்து கேட்கிறார்கள். பஞ்சு விலைக்கும் இறக்குமதி வரிக்கும் கோயம்புத்தூரில் சைமா சங்கம் 1933 முதல் பேசிவருகிறது. சாஃப்ட்வேர் என்று வந்தால் மட்டும் ஆளுக்கு ஆள் கொட்டேஷனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். பக்கத்து மில்லுக்கு என்ன விலை சொன்னான் என்று தெரியாதவரைக்கும், சொன்ன விலை எல்லாம் தள்ளுபடி விலைதான்.

இதில் நம் ஊருக்கு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அங்கே வேர் பிடித்த குழுமத்திலிருந்து வந்ததுதான் தொண்ணூறுகளில் மார்ஷல் என்ற ஈ.ஆர்.பி.யைச் செய்த ராம்கோ சிஸ்டம்ஸ். தொழில் நடப்பது சென்னைத் தரமணியிலும் வெளிநாட்டிலும் என்றாலும் அதன் பதிவு அலுவலகம் இங்கே பி.எஸ்.கே. நகரில். ஈ.ஆர்.பி. விற்பவரின் விலாசமும் வாங்குபவரின் விலாசமும் ஒரே பின்கோடில் இருக்கும் ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. நம் பக்கத்துக் கம்பெனி, பங்குச் சந்தைக்கே போகாதவர்கள், விற்க மாட்டார்கள் என்று உங்களில் சிலர் அங்கே சாய்கிறீர்கள். எனக்கும் அவர்கள் மேல் மரியாதை உண்டு. அவர்களிடம் வாங்கினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள். நம் ஊர்க்காரர் என்பதற்காக ரசீது வாங்காமல் பணம் கொடுக்க மாட்டோமே, அது மாதிரி.

சேர்ந்து கேட்க, முதலில் சந்திப்போம். சங்கம், பதிவு, சந்தா என்று எதையும் கிளப்ப வேண்டாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடி. முதல் கூட்டத்தில் புதுப்பித்தல் கட்டணத்தை ஒப்பிடுவோம். அதற்கு முன் ஒப்பந்தத்தில் விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் சொல்ல வேண்டாம். விலகும்போது கணக்கைத் திருப்பித் தரும் விதி யார் யாருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். பழைய சி.டி., ஃபிளாப்பி இருந்தால் கொண்டுவாருங்கள், என்னிடம் இரண்டு டிரைவ் இன்னும் வேலை செய்கிறது. வி.எம்.வேருக்கு மாற்றாக பிராக்ஸ்மாக்ஸ் போட்டுப் பார்த்த கல்லூரித் தம்பி ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அவரிடம் நானும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வரும்போது ஒப்பந்தப் பத்திரத்தைக் கையோடு எடுத்துவாருங்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். எல்லோரும் முதல் பக்கத்தைத்தான் பிடிக்கிறீர்கள். எனக்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
பழைய ஈ.டி.பி. செக்‌ஷன்காரன்
ஸ்ரீவில்லிபுத்தூர்